சுழி

பதினொரு நாடாச் சுருள்கள் பெட்டியில் வந்தன.
தெசலோனிகி சுங்கத்தில் ஒருவர்
பாட்டா இது என்று கேட்டாராம்.
இல்லை ஐயா,
பூமிக்கு ஒரு வால் உண்டு,
அதன் கடைசிவரை போன ஒரு கலத்தின்
கணக்கு வழக்கு.

சூரியக் காற்று ஓயாமல் அடிக்க
காந்தப்புலம் பின்பக்கம் நீண்டு
நிலாவைத் தாண்டி, தாண்டியும் நில்லாமல்
பதினான்கு லட்சம் கிலோமீட்டரில்
ஆளரவமற்ற இருட்டு.
அங்கே மூன்று நொடிக்கு ஒரு தரம் தன்னையே சுற்றி
எட்டுத் திசைக்கும் முகம் காட்டி
வந்து மோதிய மின்துகளை எண்ணியது கலம்.
பெரும்பாலும் எதுவும் வரவில்லை.

சுழி. சுழி. சுழி. ஒன்று. சுழி.
க்சாந்தியின் குளிர்காலம் முழுக்க
அச்சுப்பொறி இதைத்தான் சொன்னது.

இரவுக் காவலாளி பரஸ்கேவாஸ்
தாள் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார்.
"இதற்குச் சம்பளம் தருகிறார்களா?"
தருகிறார்கள், மூன்று மாதம் பிந்தி.
ஹீட்டர் மேல் கஷ்கொட்டை வெடித்தது.
அவர் உரித்துத் தின்றார். எனக்குத் தரவில்லை.

பதினேழாம் நாள் ஏட்டில்
அதிகாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடம்
ஒரே நிரலில்
நாற்பது, நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுத் தொண்ணூறு.
லாஸ்காரிஸை எழுப்பிவிட்டேன்.
இரவு உடைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்,
நிரலின் தலையில் விரலை வைத்தார்.

"எந்தத் திசை இது?"
பூமி இருக்கும் திசை. அங்கிருந்து பாய்ந்து வருகின்றன.
"அந்தத் திசையில் வேறு யார் இருக்கிறார், எவ்தோகியா?"

சொல்ல வாய் வரவில்லை.
வால் நுனியில் நின்று திரும்பிப் பார்த்தால்
பூமியும் சூரியனும் ஒரே வாசலில்.
"கண்ணில் வெயில் பட்டால் நமக்குக் கூசும்.
அது கூச்சத்தையும் எண்ணிவிடும்."
நல்ல மனிதர். அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

மூன்று நாள் யாரோடும் பேச்சில்லை.
நாலாம் நாள் அட்டையை நீளமாக வெட்டி
அந்த நிரலை மூடினேன்.
எல்லாவற்றிலும் பிரகாசமானதை
நானே மறைத்துவிட்டு
பக்கத்து நிரல்களிடம் கேட்டேன்:
நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா?

இருபத்தொன்பதாம் நாளின் பெருவெடிப்பு,
உள்ளூர நான் அதிகம் நேசித்தது,
அட்டைக்கு அடியில் முழுசாய்ப் போயிற்று.
வெயில். வெறும் வெயில்.
சிவப்புப் பென்சிலால் அடித்தேன்,
முனை முறிந்தது.

பதினேழாம் நாளில் மட்டும்
அட்டையின் இருபுறமும் ஒரு முணுமுணுப்பு.
மூன்று. ஐந்து. ஒன்பது. ஏழு.
அப்புறம் மறுபடியும் சுழி.
விரைந்தோடும் துகள்கள் முன்னே, மெத்தனமானவை பின்னே.
வெளிச்சத்தில் அப்படி
முந்தியது பிந்தியது கிடையாது.

கனடாவின் வடக்கே ஒரு காந்த நிலையத்துக்கு எழுதினேன்.
ஆறு வாரம் கழித்து நகல் வந்தது:
அதே காலை, மூன்று நாற்பத்து நாலுக்கு
கோடு மலையிலிருந்து தள்ளியது போல விழுந்திருந்தது.
மூலையில் பேனாவால் ஒரு குறிப்பு:
"அன்றைக்கு மேகம்.
வானத்தில் ஒன்றும் பார்க்கவில்லை. மன்னிக்கவும்."

இருபத்தெட்டு நிமிடம்.
அதற்குள் அங்கே
இழுத்து இழுத்து மெலிந்த புலக்கோடுகள்
அறுந்து, வேறாக முடிச்சிட்டுக்கொண்டு,
ஒரு பெரும் சுழியைக் கழற்றி
வாலோடு எறிந்திருக்கின்றன.
என் கலத்தைக் கடந்தபோது
இத்தனை சுழிகளுக்கு நடுவே
அது விட்டுச்சென்றது நாலு எண்.

பனி உருகி கொசின்தோஸ் ஆறு
பாலத் தூணில் மோதித் திருகிக்கொண்டிருந்தது.
நின்று பார்க்க நேரமில்லை.
கட்டுரையில் "ஐயமின்றி" என்று எழுதியிருந்தேன்,
லாஸ்காரிஸ் அதை வெட்டினார்.
வெட்டட்டும் என்று விட்டேன்.

"இன்றைக்கு என்ன தேறிற்று?" பரஸ்கேவாஸ் கேட்டார்.
இருபத்து நாலு.
"இன்றைக்கு மட்டுமா?"
குளிர்காலம் முழுக்கச் சேர்த்து.

கொஞ்ச நேரம் யோசித்தார்.
ஹீட்டர் மேலிருந்து ஒன்றை எடுத்து
ஊதி ஊதி உரித்து
என் தாளின் மேல் வைத்தார்,
எண்கள் மறையாதபடி, ஓரமாக.